சித்தப்பாவின் மூச்சு

என் பேரன் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவன். ஓடக் கற்றுக்கொடுக்க ஒருவர், ஓடும்போது மனசு தடுமாறாமல் இருக்கக் கற்றுக்கொடுக்க இன்னொருவர் என்று அவனுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டாமவரைப் பற்றித்தான் அவன் அதிகம் பேசுகிறான். கண்ணை மூடி உட்காரச் சொல்கிறாராம், மூச்சைக் கவனிக்கச் சொல்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது வேலையை என் அப்பா சும்மாவே பார்த்தார். அவருக்கு உதவி செய்ய ஒரு பல்லி, ஒரு எலுமிச்சம்பழம், அப்புறம் நான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். மொரப்பூர் ஸ்டேஷனில் பட்டாளத்து ரயில் நின்றால் பார்க்கப் போகிற கூட்டம் ஒரு பக்கம், சடுகுடு என்றால் ஓடுகிற கூட்டம் ஒரு பக்கம் என்று எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும். எங்கள் ஊர் கடத்தூருக்குப் பக்கம். மாரியம்மன் பண்டிகை வந்தால் கம்பைநல்லூர்ப் பக்கத்து ஊர் ஒன்றோடு எங்களுக்கு வருஷம் தவறாமல் சடுகுடு உண்டு. எங்கள் கட்சிக்குத் தலைவர் அப்பா. வாலிபத்தில் ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர். ஆட முடியாதவருக்கு யோசனை அதிகம் என்பதால் சகுனம், நேரம், திசை எல்லாம் அவர் பொறுப்பில் வந்துவிட்டன.

ஆடுகிறவர் என் சித்தப்பா. அவர் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போனால் மூச்சு அறவே அறாது என்று பெயர். எதிர்க்கட்சிக்காரர்கள் அவரைப் பிடிப்பதை விட்டுவிட்டு, எப்போதுதான் நிறுத்துவாரோ என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். அப்படிப்பட்டவர் முந்தின வருஷம் ஆட்டத்தின் நடுவில் பாட்டு அறுந்து பிடிபட்டுவிட்டார். ஊர் தோற்றது. ஏன் மூச்சு போயிற்று என்று கேட்டதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டாரே தவிர வாய் திறக்கவில்லை. அவர் சொல்லாத காரணத்தை அப்பா கண்டுபிடித்தார். அன்று காலை கிளம்பும்போது எதிரில் வந்தது அத்தை.

அத்தை, அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. கல்யாணமான மறு வருஷமே புருஷனைப் பாம்புக்குப் பறிகொடுத்தவள். அரூர்ப் பக்கத்தில் மாமியார் வீடு. அங்கே அவளைப் பண்ணையத்துக்கு வைத்த ஆள் மாதிரி நடத்தினார்கள் என்று, வெள்ளைச் சேலையோடு அழைத்துவந்து எங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். அம்மாவுக்குக் கைக்குழந்தை. அதனால் எனக்குத் தலை வாரியது, பேன் பார்த்தது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்தது எல்லாம் அத்தைதான். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பண்டிகைக்கு எட்டு நாள் முன்னால் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"போன வருசம் இவ எதுக்கால வந்தா, தோத்தோம். இந்த வருசமும் தோத்தா இவ மாமியா வூட்டுக்கே போயிடட்டும். ஊருல எனக்குத் தலைகாட்ட முடியல."

"அவ என்னங்க பண்ணுவா?" என்றாள் அம்மா. அதற்கு மேல் பேச அவளுக்குத் தைரியம் இல்லை. அத்தை அந்தப் பக்கம் திரும்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை எதிரில் வரவேண்டியது நான் என்று முடிவாயிற்று. சின்னப் பெண், நிறைகுடம், இதைவிட நல்ல சகுனம் கிடையாது. பித்தளைக் குடம் என் இடுப்பில் நிற்காது என்று சின்ன மண்குடம் ஒன்று கொடுத்தார்கள். ஒரு வாரமாக வாசலில் நடந்து பழகினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அத்தையை மட்டும், ஆட்கள் ஊர் எல்லை தாண்டுகிறவரை மாட்டுக்கொட்டாயை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் பிள்ளையார் கோயில் முன்னால் கட்சிக்காரர்கள் எல்லோரும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா கையைத் தூக்கினார். நான் கிணற்றுப் பக்கமிருந்து நடந்து வந்தேன். அத்தனை ஆம்பிளைகளும் என் குடத்தையே பார்த்தார்கள். சிந்தக்கூடாது, சிந்தினால் அத்தை போய்விடுவாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்லச் சொல்லக் கை வேர்த்தது. கை வேர்த்ததைப் பார்த்ததும் கால் பின்னிக்கொண்டது. வாசலில் ஒரு வாரம் நடந்த கால்தான். அன்றைக்கு அது யாருடைய காலோ போலிருந்தது.

குடம் விழுந்து உடைந்தது. ஓடு ஒன்று பாதத்தில் குத்தி நான் வீல் என்று கத்தினேன். கத்தல் கேட்டு மாட்டுக்கொட்டாயிலிருந்து அத்தை ஓடிவந்தாள். என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் எதிரில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள்.

உடைந்த குடம், சிந்தின தண்ணீர், ரத்தம், விதவை. அப்பாவுக்குத் தெரிந்த கெட்ட சகுனம் எல்லாம் ஒரே இடத்தில் கூடி நின்றன. அவர் தலைத் துண்டை எடுத்து உதறினார். "போச்சு. எல்லாம் போச்சு." அதற்குப் பரிகாரம் என்று எல்லோரும் கோயில் முன்னாலேயே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார்கள். சித்தப்பா மட்டும் என் பக்கத்தில் வந்து, "ரத்தம் நின்னுச்சா பாப்பா?" என்று கேட்டார். "நீ போடா மொதல்ல" என்று அத்தை அவரை விரட்டினாள்.

காலில் துணி சுற்றி என்னை அம்மாவோடு வண்டியில் ஏற்றினார்கள். அத்தை வீட்டில் நின்றாள். துக்கத்துக்குப் போகிற வண்டிகூட எங்கள் வண்டியைவிடக் கலகலப்பாக இருந்திருக்கும்.

எங்கள் வண்டிக்கு முன்னால் குடம் உடைந்த செய்தி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆட்டம் ஆரம்பித்து சித்தப்பா நடுக்கோட்டைத் தாண்டினதும் எதிர்க்கட்சியில் ஒருவன் கையைத் தட்டி, "முண்டச்சி மொகத்துல முழிச்சிட்டு வந்தவனே, வாடா!" என்றான். கூட்டம் சிரித்தது. சித்தப்பா நேராக அவன்மேல் பாய்ந்தார். பாய்ந்ததும் பாட்டு அறுந்தது. நாலு பேர் அவரை அமுக்கிவிட்டார்கள். அடுத்த தடவையும் அதே பேச்சு, அதே பாய்ச்சல். மூன்று ஆட்டத்தில் முதல் ஆட்டம் அப்படியே போயிற்று. இன்னொன்று போனால் எல்லாம் முடிந்தது. அப்பா மண்ணில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு மேல் பார்க்கப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டிகள் அவிழ்த்துவிட்டிருந்த புளியமரத்தடிக்கு நொண்டிக்கொண்டு ஓடினேன்.

அங்கே எங்கள் வண்டிக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தாள். காட்டு வழியாக வந்திருக்கிறாள், காலெல்லாம் புழுதி. முந்தானையை இழுத்துத் தலையை மூடியிருந்தாள். எதிரில் சித்தப்பா.

"எதுக்குக்கா வந்த? அண்ணன் பாத்தா என்ன ஆவும் தெரியுமா?"

"பாத்தா பாக்கட்டும். உக்காரு."

"என்னால ஆவாதுக்கா. அவனுங்க உன்னச் சொல்றானுங்க. காதுல வுழுந்ததும் மூச்சு தானா போயிடுது. போன வருசமும் இதே பேச்சுதான்."

அத்தை முந்தானையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "முண்டச்சின்னு என்னத்தானடா சொல்றானுங்க? வலிச்சா எனக்கு வலிக்கட்டும். உனக்கு எதுக்கு மூச்சு போவுது?" என்றாள்.

அத்தனை பெரிய ஆள், ஊரே பயப்படுகிற ஆட்டக்காரர், மூக்கை உறிஞ்சி அழுதார். அத்தை அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"கெணத்துல முழுவறதுக்கு முன்ன நாம என்ன பண்ணுவோம்?"

"உள்ள இருக்கறத வுட்டுருவோம்."

"அப்ப வுடு. மெதுவா. இன்னும் இருக்குது, எல்லாத்தையும் வுடு."

சின்ன வயதில் இரண்டு பேரும் தோட்டத்துக் கிணற்றில் முழுகி அடிமண் எடுக்கப் பந்தயம் போடுவார்களாம். எப்போதும் ஜெயிப்பது அத்தைதான் என்று ஊரில் சொல்லுவார்கள். சித்தப்பாவின் மூச்சைப் பற்றி அத்தனை பேர் பேசினார்கள். அது யாரிடமிருந்து வந்த மூச்சு என்று ஒருவரும் பேசியதில்லை. சித்தப்பாவின் முதுகு மெல்ல இறங்கி, மெல்ல ஏறிற்று. அப்படிப் பலதடவை ஆனது. அத்தையும் கூடவே மூச்சு விட்டாள்.

"அவனுங்க மூஞ்சியப் பாக்காத. எவன் கால் மொதல்ல நகருதுன்னு மட்டும் பாரு. போ."

சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். உதட்டில் விரலை வைத்துவிட்டு, வந்த வழியே சோளக்காட்டுக்குள் இறங்கிப் போனாள்.

இரண்டாவது ஆட்டத்தில் சித்தப்பா தலையைக் குனிந்தபடியே பாடிக்கொண்டு போனார். கைதட்டினவன் அதே பேச்சை எடுத்தான். சித்தப்பா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சடுகுடு சடுகுடு என்று ஒரே சீராகப் போய்க்கொண்டே இருந்தது. அவன் இன்னும் உரக்கக் கத்தினான். கத்துகிற அவசரத்தில் காலை முன்னால் வைத்தான். வைத்த காலைத் தொட்டுவிட்டு சித்தப்பா திரும்பிக் கோட்டைத் தாண்டிவிட்டார். அதற்குப் பிறகு கத்தினவன் வெளியே உட்கார்ந்து பார்த்தான். அந்த ஆட்டம் எங்களுக்கு. மூன்றாவது ஆட்டத்தில் நான் பார்த்ததைவிடக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததுதான் அதிகம். பாட்டுச் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. அது அறுபடவே இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் துண்டைத் தூக்கி வீசிய சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தேன்.

அத்தை போகமாட்டாள். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கி, எனக்கு அப்போதுதான் பசித்தது. அம்மா மடியில் படுத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கால் வலிக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பரிசு ஒரு கெடா. அதை எங்கள் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். அது வழியெல்லாம் வண்டியிலிருந்த வைக்கோலை இழுத்துத் தின்றது. அப்பா முழங்கால் வலியை மறந்து பேசிக்கொண்டே வந்தார்.

"எல்லாரும் பயந்தீங்களே! கொடம் ஒடைஞ்சது எதுக்குன்னு நெனச்சீங்க? நம்ம மேல இருந்த கண்ணேறு பூராவும் அதோட போச்சு. என் பொண்ணு கைராசி அப்படி."

அடுத்த வருஷமும் கிளம்பும்போது ஒரு குடத்தை உடைத்துவிட்டுப் போகலாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று பார்த்து அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உங்க தங்கச்சி இங்கியே இருக்கட்டுங்களா?"

"பின்ன எங்க போவா? நல்லா கேட்ட!" என்றார் அப்பா. அவர் வேறு விதமாகப் பேசியதே இல்லை என்பது போல இருந்தது அந்தக் குரல். சித்தப்பா வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். அப்பா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார். புளியமரத்தடியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அத்தை வாசற்படியைக்கூடத் தாண்டாதவள் போல அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். நான் நொண்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"ஜெயிச்சிட்டோம் அத்தை! நீ எங்கியும் போவ வேணாம், அப்பாவே சொல்லிட்டாங்க."

"அப்படியா கண்ணு" என்றாள். புகை பட்ட கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பையே ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் படுக்கிற மூலையில் ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தது. என்ன அது என்று கேட்டேன்.

"சேலை கண்ணு. தொவைக்கறதுக்கு எடுத்து வெச்சேன்."

என்னைக் கீழே இறக்கிவிட்டு முடிச்சை அவிழ்த்தாள். அவளுடைய வெள்ளைச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். சேலைகளுக்கு அடியில் அவளுடைய செம்பும் மரச் சீப்பும் இருந்தன. அவற்றையும் எடுத்து மாடத்தில் வைத்தாள். நான் பக்கத்தில் நின்று, காலில் சுற்றின துணியை நிமிண்டிக்கொண்டு, சித்தப்பா காலைத் தொட்ட கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். செம்பையும் சீப்பையும் யார் துவைப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.