உள்ளங்கை அளவு துணி

என் வாழ்நாளில் நான் அதிகம் பொறாமைப்பட்டது ஒரு துணித்துண்டைப் பார்த்துத்தான். மனைவியின் பழைய பருத்திச் சேலையிலிருந்து வெட்டிய, உள்ளங்கை அளவு துணி. அதை அவள் நாள் முழுதும் தன் நெஞ்சோடு வைத்திருந்து, அடுத்த நாள் காலையில் மகளின் தலைமாட்டில் வைப்பாள். மகள் ஆஸ்பத்திரியில், குறைமாதப் பிள்ளைகளின் வாட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். தாயின் மணம் பக்கத்தில் இருந்தால் பிள்ளை அமைதியாக இருக்கும் என்று வாட்டுத் தாதி மிஸி ஒருத்தி சொல்லியிருந்தா. நான் வெளியே நின்று கண்ணாடி வழியாக அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு துணிக்கு உள்ளே இடமிருந்தது. எனக்கு இல்லை.

இடமில்லாமல் போனதற்கு நானே காரணம். கலியாணமாகிப் பதினாறு வருடத்துக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தவள் அவள். எட்டு வாரம் முந்திப் பிறந்துவிட்டாள். தாளோடு கட்டிய ஒரு பிடி வெங்காயத்தின் பாரம்கூட அவளுக்கு இல்லை. நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் செய்கிறவன், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். தலையில் பாதி நரைத்துவிட்டது. முதல் நாள் வாட்டு வாசலில் நின்ற காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளையே ஐயா?" என்று கேட்டார். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். என் பிள்ளைதான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப உள்ளை விடேலாது. தாய் தகப்பன் மட்டும்தான். உதிலை நிண்டு கண்ணாடியாலை பாருங்கோ."

அன்றைக்கே திருத்தியிருக்கலாம். அடுத்த நாள் திருத்த இன்னும் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள், "என்ன அம்மப்பா, சாப்பாடு கொண்டந்தனீங்களே?" என்று அவர் அன்பாகவே கேட்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? மனைவி கேட்டபோது, உள்ளே நெருக்கம், நான் வெளியிலேயே நிற்கிறேன் என்று சமாளித்தேன்.

மகளுக்குக் காலையில் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். முதல் தடவை எடுத்தபோது நான் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்கவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. கைகால் விறைத்து, சிவந்த முகம் மெல்ல மெல்லக் கறுத்தது. மூச்சைக் கணக்கிடும் மெசினில் சிவப்பு விளக்கு மின்ன, இரண்டு மிஸிமார் ஓடிவந்தார்கள். அழுது களைத்தால் மூச்சு விட மறந்துபோகிற வயது அது என்று பிறகு மனைவி சொன்னாள். அன்றையிலிருந்து எனக்கு ஒரே பயம்தான்: அடுத்த குத்துக்கு அவள் தாங்குவாளா?

மூத்த மிஸி ஒருத்தி, குரல் பெரிதானவ, மனைவிக்கு விளங்கப்படுத்தினாவாம். "இவ்வளவு சின்னதுக்கு ஒவ்வொரு குத்துக்கும் நோவுக்கு மருந்து குடுக்கேலாது. அதுக்காக நோகாது எண்டில்லை. நாங்கள்தான் மருந்தா இருக்கோணும்." குத்துவதற்குக் கொஞ்சம் முந்தித் தாய்ப்பாலில் சில துளி நாக்கில் விட வேண்டும். ஒரு கை தலையில், ஒரு கை மடக்கிய காலில், வயிற்றுக்குள் கிடந்த மாதிரிச் சுருட்டிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சோடு நெஞ்சாகத் தோலில் போட்டு வைத்திருக்க வேண்டும். மனைவி எல்லாவற்றையும் இரண்டே நாளில் பழகிவிட்டாள். சிவப்பு விளக்கு மின்னுவது குறைந்தது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். நான் பார்த்ததோ, என் மகளின் தலை முழுவதையும் மூடியிருந்த அவளுடைய கையைத்தான்.

பக்கத்துப் பெட்டியில் ஒரு ஆண்குழந்தை. தகப்பனுக்கு இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில், கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை. முப்பது வயது இருக்காது. கூச்சமே இல்லாமல் சேட்டின் பொத்தான்களைத் திறந்துவிட்டுக் கதிரையில் சாய்ந்திருப்பார். மகன் அவர் நெஞ்சில் பல்லிபோல ஒட்டிக்கிடப்பான். அப்படியே இரத்தம் எடுப்பார்கள். வெளியே வந்து என்னிடம் சொல்லுவார்.

"எங்கடையாள் இண்டைக்கும் ஒரு சத்தம் போடேல்லை ஐயா. போனிலை எல்லாம் வாசிச்சனான். தகப்பன்ரை நெஞ்சுச் சூடும் நல்லதாம்."

"நல்லம் தம்பி" என்பேன். மனதுக்குள், உன் மகன் ஒருநாளாவது வீரிட்டுக் கத்தட்டும் என்று நினைத்தேன். இதை இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்தச் சூட்டில்தான் பைத்தியக்கார வேலை ஒன்று செய்தேன். இடுப்பில் கட்டும் என் பழைய சாரத்தில் ஒரு துண்டை வெட்டிச் சேட்டுக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுதும் தோட்டத்தில் நின்றேன். மறுநாள் சாப்பாட்டுப் பையோடு அதையும் மனைவியிடம் கொடுத்தேன்.

"உங்களுக்கு விசரே?" என்றாள். ஆனாலும் வாங்கினாள். தன் துணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய குரல் மிஸி அதை இரண்டு விரலால் தூக்குவது கண்ணாடியில் தெரிந்தது. முகர்ந்தா. முகத்தைச் சுளித்தா. உள்ளே இருந்த தாய்மார் எல்லோரும் சிரித்தார்கள். நடந்ததை மனைவி பிறகு சொன்னாள்.

"ஆற்றை துணி இது? பிள்ளையைத் தாளிக்கப் போறியளே?"

"தகப்பன்ரை, மிஸி. வெங்காயத் தோட்டம்."

"கிருமி வந்தா ஆர் பாக்கிறது? தகப்பனை நான் ஒருநாளும் காணேல்லையே. அம்மப்பா ஒராள்தானே வெளியிலை நிக்கிறார்."

"அவர்தான் மிஸி தகப்பன்."

மிஸி கண்ணாடிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தா. நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல நின்றேன். "மணத்தை ஏன் அனுப்புறார்? ஆளை வரச்சொல்லும்" என்றாவாம்.

அப்போதும் நான் போகவில்லை. அடுத்த நாள் மனைவிக்குத் தடிமன் பிடித்துவிட்டது. தும்மலோடு உள்ளே போகக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். மகளுக்குக் குத்துகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "போங்கோ. நீங்கள் போகாட்டி அவளை ஆர் பிடிக்கிறது?" என்று மனைவி அழுதாள்.

காவலாளி கதவில் கை வைத்து மறித்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நான்தான் தகப்பன்."

"அப்ப இவ்வளவு நாளும்?"

"வெக்கத்திலை சொல்லிப்போட்டன்."

அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, "முழங்கை வரைக்கும் கழுவுங்கோ" என்றார்.

கழுவினேன். மூன்று தரம் கழுவினேன். விரல் வெடிப்புகளில் இருந்த கறுப்புப் போகவில்லை. மிஸி பார்த்து, "அது காய்ப்பு. அழுக்கில்லை. வாங்கோ" என்றா. மனைவி எடுத்துக்கொடுத்த பாலில் சில துளியை மகளின் நாக்கில் விட்டா. அவள் சப்புக்கொட்டினாள். அதில்கூட மனைவியின் பங்கு முந்திக்கொண்டது என்று அந்த நேரத்திலும் எனக்குப் பட்டது.

பெட்டியின் ஓட்டை வழியாகக் கைகளை விட்டேன். பழக்கதோசத்தில் மெல்லத் தட்டினேன். உடனே அவள் உடம்பு துடித்தது.

"தட்டாதேங்கோ! தடவவும் வேண்டாம். உவைக்கு அதெல்லாம் கூச்சம். வைச்சா வைச்சபடி வையுங்கோ."

கூச்சம் எனக்குத் தெரியாததா? கையை வைத்தேன். தலை ஒரு கைக்குள் அடங்கியது. மடங்கிய இரண்டு காலும் வயிற்றோடு சேர்ந்து மற்றக் கைக்குள் அடங்கின. குத்துவதற்கு ஒரு குதிக்காலை மட்டும் வெளியே விட்டேன். மிஸி குத்தினா. என் கைக்குள் அவள் முழு உடம்பும் இறுகியது. வாய் திறந்தது. நான் மெசினைப் பார்க்கவில்லை. அசையாமல் நிற்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலைபோல நின்றேன். இரண்டு தரம் முனகினாள். பிறகு நாக்கைச் சப்பினாள். இறுக்கம் மெல்ல விட்டது. சிவப்பு விளக்கு மின்னவில்லை.

"முடிஞ்சுது. உடனை கையை எடுக்காதேங்கோ, திடுக்கிடும். நித்திரை கொள்ளட்டும்."

முதுகு விறைத்த பிறகுதான் நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே, நான் வழக்கமாக நிற்கிற அதே இடத்தில், வாயையும் மூக்கையும் மூடிக்கட்டியபடி மனைவி நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். இரக்கப்பட்டுக் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. போதும் என்று மிஸி சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

வெளியே வந்ததும், "அழுதவளே?" என்று கேட்டாள்.

"இல்லை. முனகினவள்."

"எனக்கு ஒருநாளும் உப்பிடிக் கிடக்கேல்லை."

எனக்குள் ஒரு சந்தோசம் இருந்தது, நல்ல சந்தோசம் என்று சொல்ல முடியாது.

"கையை இஞ்சை கொண்டாங்கோ" என்றாள். இரண்டு கையையும் பிடித்து, கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு முகத்தில் வைத்து இழுத்து இழுத்து முகர்ந்தாள்.

"மூக்கடைப்பு. ஒண்டும் மணக்குதில்லை" என்றாள். ஆனால் கையை விடவில்லை.