மூன்று தரம் கேட்ட அடி

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தை விட்டு நான் நடந்துகொண்டிருந்தபோது உள்ளே மேளங்கள் மறுபடி தொடங்கிவிட்டன. என் மேளம் குறைந்தது அங்கே யாருக்கும் தெரியவில்லை. என் கோபத்தில் பாதி அதுதான். மனோர் பார்க்கில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அண்ணை, என் வாசிப்பைப் பார்க்க வந்திருந்தவர், சிரிப்பை அடக்க மாட்டாமல் கூடவே வந்தார். அவர் வீட்டு மேல் அறையில்தான் நான் குடியிருந்தேன்.

"என்ன தம்பி, எல்லாரும் அடிக்க நீர் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டீர்? பூசை முடிஞ்சுதெண்டு நினைச்சீரோ?"

"சும்மா வாங்கோ அண்ணை."

நான் மேளம் வாசித்த குழுவின் தலைவர் கானா நாட்டுக்காரர். மாஸ்டர் என்றே அழைப்போம். என் வயதுதான், பகலில் பஸ் ஓட்டுவார். கோடை வந்தால் குழு ஒரு வான் வண்டியில் ஏறி ஸ்கொட்லாந்து வரை ஊரூராகப் போய் வாசிக்கும். ஓரிடத்தில் சில மாதம் இருந்தாலே எனக்குக் கால் அரிக்கும். அந்த வண்டியில் ஓர் இடத்துக்காகத்தான் குளிர்காலம் முழுக்க அவரிடம் பேச்சு வாங்கினேன். கல்யாணத்தில் ஒழுங்காக வாசித்தால் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்.

அவரோடு வாசிப்பதைப்போல எரிச்சலான வேலை வேறில்லை. ஒருவர் இரும்பு மணியை மாறாமல் தட்டுவார். நாங்கள் சிறிய மேளங்களில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். பெரிய மேளத்தில் மாஸ்டர் ஒரு சொல்லை, ஒரு சிறு குறிப்பு அடியை, வாசித்தால்தான் அடுத்த அடிக்கு மாறலாம். தொடங்க ஒரு சொல், மாற ஒரு சொல், நிறுத்த ஒரு சொல். எத்தனை சுற்றுக்குப் பிறகு வரும் என்று கேட்டால், "ஆடுகிறவர்களைப் பார்" என்பார். ஆடுகிறவர்கள் என்ன, என்னிடம் சொல்லிவிட்டா ஆடுகிறார்கள்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எண்ணுவது ஒன்றுதான் ஒழுங்காக வரும். அதற்கும் அங்கே வேலையில்லை.

அன்று மணப்பெண்ணின் தாய் ஆட வந்ததும் பெரிய மேளத்தில் ஒரு சொல் கேட்டது. நான் என் அடியிலேயே நின்றேன். மறுபடி அதே சொல். மூன்றாம் தரமும் அதுவே. எங்கள் கோயில் தவிலில் ஒரே சொல் மூன்று தரம் வந்தால் அது முடிவு, அதற்குமேல் கேள்வியில்லை. மூன்றாவதோடு அழகாகக் கையைத் தூக்கினேன். மற்றவர்களோ முன்பே வேகமான புது அடிக்கு மாறியிருந்தார்கள். அவசரத்தில் நடுவே புகுந்து பழைய அடியையே அடித்தேன். ஆடிய அம்மாவின் கால் தடுமாறியது.

சாப்பாட்டு இடைவேளையில் மாஸ்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கையிலிருந்த கோழிக்காலைக் கீழே வைக்கவில்லை.

"முதல் தரம் எல்லோருக்கும். மற்ற இரண்டும் உனக்கு. நீ மட்டும்தான் மாறாமல் நின்றாய்."

கோடைக்கு வேறு ஆளைப் பார்ப்பதாகவும் சொன்னார். இப்போது எங்காவது அந்த மேளம் கேட்டால் சொல் எனக்கு முதல் தரத்திலேயே பிடிபடுகிறது. என்ன பிரயோசனம்?

அன்று பஸ் தரிப்பில் அண்ணை சிரிப்பை நிறுத்தினார். "இனி என்ன செய்யப்போறீர்?"

"தெரியேல்லை."

"விடிய மரக்கறி லொறி வரும். இறக்க ஆளில்லை. ஏலுமெண்டால் வாரும்."

"ஓம், வாறன்."

மறுநாள் காலை போனேன். லொறிக்குள் கூரை முட்ட வெண்டிக்காய்ப் பெட்டிகள்.

"எப்ப அண்ணை முடியும்?"

"லொறி வெறுமையானால் முடிஞ்சுது."

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லி வெகுநாளாகியிருந்தது. முதல் பெட்டியைத் தூக்கினேன்.