கடல் என்று எழுதினேன்

எல்லைக் காவலுக்கு ஆள் காணாது என்று அரசாங்கத்துக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வெளிநாட்டுக்குக் கள்ளமாக வள்ளங்கள் போகின்றன, அதைத் தடுக்கப் புதிதாக ஆட்களை எடுக்கிறோம் என்று பிரதேச செயலகத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை என்றிருந்தது. எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது அது ஒன்றுதான். விண்ணப்பித்தேன், கிடைத்தது.

வவுனியாவில் இரண்டு கிழமை பயிற்சி. பிறகு ஒரு நீலச் சட்டையும் பதிவேடும் தந்து, என்னை என் ஊர்க் கரைக்கே திருப்பி அனுப்பினார்கள். கரையின் வடக்குப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த இருவருக்கு ஒரு மேசை. தெற்குப் பக்கம், பூவரச மரத்தின் கீழ், எனக்கு ஒரு மேசையும் கதிரையும். கடலுக்குப் போகிற எவரும் இரண்டில் ஒன்றில் பதிந்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளலாம். பதிவேட்டில் மூன்று நிரல்கள்: பெயர், எங்கே போகிறார், எப்போது வருவார்.

அந்த நிரல்களைக் கீறியவர் கடற்கரையில் பிறந்தவராக இருக்க முடியாது. கடலுக்குப் போகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று எங்கள் ஊரில் எவரும் கேட்பதில்லை. பெற்ற தாயும் கேட்க மாட்டாள், கட்டியவள் கேட்கவே மாட்டாள். யாராவது கேட்டுவிட்டால் அவன் வீட்டுக்குத் திரும்பிப் போய், கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட வேண்டும். சிலர் அன்றைக்குப் போகவே மாட்டார்கள்.

முதல் நாள் நான் பயிற்சியில் சொல்லித் தந்தபடி பெரியப்பா முறையான ஒருவரைக் கேட்டேன்.

"உனக்கென்ன விசரோ பிள்ளை? கடலுக்குப் போறவனை மறிச்சுக் கேக்கிற கேள்வியே இது?"

வலையைக் கீழே போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார். அன்றோடு நான் கேட்பதை விட்டேன். ஆட்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். எங்கே என்ற நிரலில் கடல் என்று எழுதுவேன். மூன்றாவதில், நாளைக் காலை. அவர்கள் "போட்டு வாறன்" என்று விடைபெற்றுப் போவார்கள். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு என் எழுத்து வடிவாக இருக்கிறது என்று மெச்சினார்.

வடக்கு மேசைக்காரர்கள் கேட்டே தீருவார்கள். அதனால் ஊரே என் பக்கம் வந்தது, என் கணவரைத் தவிர. "பெண்சாதியிட்டப் பேர் குடுத்திட்டுக் கடலுக்குப் போறதைவிட ரெண்டு தரம் வீட்டை நடக்கலாம்" என்பார். அப்படியே நாள் தவறாமல் வடக்கில் பதிந்து, வீடு திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். வீம்புக்கு அவரை அடிக்க ஆள் இல்லை.

அந்தப் பின்னேரங்களை இப்போது நினைத்தால் நித்திரையில் இருந்ததுபோலத்தான் தோன்றுகிறது. மூன்று மணிக்குமேல் வெயில் வெள்ளையாகி, கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போய்விடும். போன வள்ளங்கள் அந்த வெள்ளைக்குள் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டு நிற்கும். பிறகு கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் சத்தம் மட்டும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கும். பூவரசம் பூ பதிவேட்டில் விழும். நான் அரைக் கண்ணில் இருப்பேன். இந்த நாட்டின் எல்லையை நான் அப்படித்தான் காத்தேன்.

அந்த வருடம் இழுவைப் படகுகள் என் கணவரின் வலையை இரண்டு தரம் அறுத்துக்கொண்டு போயிருந்தன. அதற்குப் பிறகு அவர் வீட்டில் கதைப்பது குறைந்துபோனது. ஒரு வெள்ளைப் பின்னேரம், கூட்டாளிகள் இருவரோடு அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சாரும், எழுதும்."

ஓர் இரவுக்கு ஒரு தண்ணீர்க் கான் போதும். அவர்கள் ஆறு வைத்திருந்தார்கள். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குக் கீழே, மாதா கோயிலுக்கு மட்டும் போடுகிற நீளக் காற்சட்டையின் விளிம்பு தெரிந்தது. எனக்கு விளங்கிவிட்டது. கேட்க வாயெடுத்தேன். கேட்ட பிறகு கடலில் ஏதும் நடந்தால் என் வாயால்தான் நடந்தது என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். கடல் என்று எழுதினேன். நாளைக் காலை என்றும் எழுதினேன்.

"போட்டு வாறன்" என்றார். வள்ளம் வெள்ளைக்குள் கொஞ்ச நேரம் நின்றது.

அடுத்த நாள் காலை வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. மேலதிகாரி பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க அவர்ட மனுசிதானே? எங்க போறது எண்டு கேக்கேல்லையா?"

"இல்லை சேர்."

ஆள் காணாது என்பதால் வேலையை மட்டும் விட்டு வைத்தார்கள்.

நாற்பதாம் நாள் தொலைபேசி வந்தது. கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் கேட்டேன்.

"எங்க இருக்கிறியள்?"

"ஏதோ ஒரு தீவு. பிடிச்சு அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். உயிரோட இருக்கிறன், அழாதையும்."

அழுதேன். பிறகு, அன்றைக்கு மட்டும் ஏன் என் மேசைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"வடக்கில கேட்டிருப்பாங்கள். கேட்டா வீட்டை திரும்பிப் போகவேணும். வீட்டை போய் இருந்து தண்ணி குடிச்சனெண்டா நான் பிறகு வெளிக்கிட்டிருக்க மாட்டன். நீர் கேக்க மாட்டீர் எண்டு எனக்குத் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. இரவு முழுக்க அது ஆறவில்லை.

அடுத்த நாள் மூன்று மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நான் பேனையை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்ணை, எங்க போறியள்?"

அவருடைய முகம் கறுத்துவிட்டது. வாயில் வந்தபடி என்னை ஏசி, வலையை மணலில் எறிந்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். படலையைத் திறந்து உள்ளே போகும்வரை அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் மனுசனுடைய முதுகாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.