நன்றியுரைக்கு எழுந்த கைதட்டல்

வாசகரே, சாட்சிக் கூண்டில் ஏறி நில்லுங்கள். சத்தியம் வேண்டாம், ஒரு கைதட்டலைக் கேட்டால் போதும். அது எழுந்தது எழுபத்தொன்றாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பான் நகரத் தேவாலயக் கூடம் ஒன்றில். வெளியே ரைன் நதியின் மூடுபனி. உள்ளே ஈரக் கம்பளிக் கோட்டுகளின் நெடி. தமிழ் மாணவர்களும் குடும்பங்களும் கூடத்தை நிறைத்திருந்தனர். ஊரில் போர் வரும் என்று ஜெர்மன் வானொலி நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது.

சிறப்பு விருந்தினர், ஐரோப்பியப் பயணத்தில் வந்திருந்த நம் நாடாளுமன்ற உறுப்பினர். நன்றியுரை என்னுடையது. கல்லூரி மேடைகளில் சுழற்கோப்பை வென்ற நாவுக்கு நன்றியுரையா என்று முதலில் சினந்தேன். பிறகு அதன் வலிமை புலப்பட்டது: நம் மேடை மரபில் நன்றியுரைக்குப் பின் எவரும் பேசுவதில்லை. மறுப்புரைக்கு இடமே இல்லை.

என் அறைத்தோழன் வேதியியல் ஆய்வு மாணவன்; அவன் தம்பி கிழக்கு எல்லையில் சிப்பாய். முந்தைய வாரமே அவன் கேட்டிருந்தான்.

"மச்சான், பழைய பேப்பரெல்லாம் தேடிப் படிச்சியே. வார் வேணாம்னு பேசுறாரே இந்த ஆளு, ஓட்டு எப்படிடா போட்டாரு?"

"பேசினதெல்லாம் அமைதி. ஆயுதம் வாங்க, படைச் செலவுக்கு, போன வார் டைம்ல வந்த எமர்ஜென்சிய நீட்டிக்க, எல்லாத்துக்கும் சரின்னு கை தூக்கியிருக்காரு."

"அப்ப மேடையில அதக் கேளு. அத்தனை பேர் முன்னாடி கேட்டா, அடுத்த தடவை தூக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பாருல்ல?"

கை தூக்குமுன் அவர் யோசிக்கப்போகும் அந்த ஒரு கணத்தைத்தான் அவன் நம்பியிருந்தான்.

விருந்தினர் முழங்கினார். போரைப் பழித்தார், தாய்மாரின் கண்ணீரைப் பாடினார். தோழன் இமைக்காமல் அவரைப் பார்த்திருந்தான். பிறகு நான் எழுந்தேன்.

"அமைதி என்று அவையில் அருளினீர், ஆயுதம் என்றதும் கை உயர்த்தினீர்!"

பயின்று வைத்திருந்தபடியே ஒரு கணம் நிறுத்தினேன். அந்த இடைவெளி எதற்கானது என்று தமிழ் அவைக்குச் சொல்லித்தர வேண்டுமா? தட்டினார்கள்.

"கண்ணீர் வேண்டாம் என்று கசிந்தீர்; களச்செலவு என்றதும் கை உயர்த்தினீர்!"

இன்னும் பலமாகத் தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் விசிலடித்தார். "போரே வேண்டாம் எனப் புலம்பினீர், போர்க்காலச் சட்டம் என்றதும்..." என்று நான் குரலை உயர்த்தியபோது, "கை உயர்த்தினீர்!" என்று கூடமே சேர்ந்து முடித்தது. நாற்காலிகள் அதிர்ந்தன. மோனையின் மயக்கத்தில் தட்டினார்கள் என்று அன்று எண்ணிக்கொண்டேன். பொருள் புரிந்தே தட்டியிருந்தால்? அந்த ஐயம் இன்றும் என் முதுகில் குளிர்கிறது.

விருந்தினரும் தட்டினார். பொன்னாடையின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"என்னமா பேசுறீங்க தம்பி! நான் கை தூக்கினதுக்கு இப்படி ஒரு கைதட்டல் நம்ம தொகுதியிலகூட விழுந்ததில்ல."

தோழன் குறுக்கே வந்து நின்றான். "சார், என் தம்பி பார்டர்ல இருக்கான். இந்தத் தடவை நீங்க..."

"அப்படியா? ரொம்பப் பெருமை. அம்மாவுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க." கையுறையை விரல் விரலாக இழுத்துப் பொருத்தினார். "ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு நீங்களும்தான் கேட்டீங்களே."

அவருடைய கார் மூடுபனிக்குள் மறைந்தது.

"பிரமாதமா பேசினடா," என்றான் தோழன். "எங்கம்மா வந்திருந்தா அவங்களும் தட்டியிருப்பாங்க." அவன் முகத்தில் சிரிப்பில்லை.

அறைக்குத் திரும்பும் வழியில், ரைன் பாலத்தின் நடுவில் அவனை நிறுத்தினேன். எதிரே வந்த ஜெர்மானியர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன்: "அடுத்த மேடையில உன் தம்பி பேரச் சொல்லுவேன். இந்த ஆளு எதுக்கெல்லாம் கை தூக்கினாருன்னு சொல்லுவேன். நடுவுல எங்கயும் நிறுத்த மாட்டேன்டா. ஒருத்தனுக்கும் தட்ட இடம் குடுக்க மாட்டேன்."