பாடகர் குழுவின் நாடியை எண்ணியவள்

செவ்வாய்க்கிழமை காலை, வார்டில் டியூட்டி ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது ஜெபாவின் மகன் கூப்பிட்டான். தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை. "அம்மா இக லேரு, ஆன்ட்டி" என்றான். அம்மா இனி இல்லை. மூளையில் ரத்தக்கசிவு என்று ஞாயிற்றுக்கிழமைதான் சேர்த்திருந்தார்கள். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி, அவளுடைய சொந்த வார்டுக்கு எதிர் வார்டு. நான் எல்லா நோயாளிகளையும் ஒப்படைத்து, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் விழுந்தேன். பாதியில் விட்டிருந்தால் அவளே திட்டியிருப்பாள்.

அஞ்சலிக் குறிப்பில் 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு வராது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள்தான். ஆனாலும் எங்களுக்குள் நீ, வா, போ என்றுதான். மெட்டுகுடா சர்ச்சில் அவளோடு பாடியவர்களுக்கும், வார்டில் அவளிடம் வசவு வாங்கியவர்களுக்கும் அவளை நர்ஸ் ஜெபாவாகத்தான் தெரியும். அதற்கு முந்தின ஜெபாவை உங்களில் பலருக்குத் தெரியாது. அவளைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செகந்திராபாத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் ரூமில் நாங்கள் இரண்டு பேரும் குமாஸ்தாக்கள். இரண்டு பேரும் பி.காம். வீட்டுக்குப் போன நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைச் சரிபார்த்து எண் வாரியாக அடுக்குவது வேலை. நர்ஸாக வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயசு ஆசை. ரயில்வே குமாஸ்தாவாக இருந்த அவள் அப்பா, ஆபீஸ் வேலைக்கு அதுதான் நல்லது என்று காமர்ஸில் தள்ளிவிட்டார். ஒரு நாள் மதியம், ஒரு மிஷன் ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளியின் அறிவிப்பை என் டிபன் பாக்ஸ் மேல் விரித்தாள். டிப்ளமோ படிப்பு. எந்தப் பிரிவு படித்தவர்களும் நுழைவுத் தேர்வு எழுதலாம். ஆனால் கேள்விகளில் பாதிக்கு மேல் உயிரியலும் வேதியியலும். முப்பத்தைந்து வயது தாண்டக்கூடாது. அவளுக்கு முப்பத்து நாலு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த ஒரு தடவை விட்டால் அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் இரண்டு தடவை மிச்சம் இருந்தது. நானும் எழுதுகிறேன் என்று அவளுக்குத் துணையாகத்தான் சொன்னேன். "மனுஷங்கள எல்லாம் காகிதமாவே பாத்து அலுத்துப்போச்சு ளா" என்றாள் அவள். பூர்வீகமான நாகர்கோவில் பக்கத்தை அவள் கண்ணால் பார்த்தது நாலைந்து தடவைதான் இருக்கும். பேச்சு மட்டும் அப்படியே அந்த ஊர்.

நாலு மாதம் இருந்தது. கோட்டி பஜாரின் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து இன்டர், அதாவது பிளஸ் டூ, புத்தகங்களை வாங்கினோம். ஞாயிறு மதியங்களில் தார்நாகாவில் என் வீட்டில் உட்கார்ந்து படிப்போம். சுற்றிலும் ஆராய்ச்சி நிலையங்கள் இருப்பதால், தார்நாகாவில் தடுக்கி விழுந்தால் ஒரு விஞ்ஞானி மேல்தான் விழ வேண்டும். எங்கள் மாடியிலும் ஒருவர் இருந்தார். ஜெபா கூச்சமே இல்லாமல் புத்தகத்தோடு படியேறிப்போய்ச் சந்தேகம் கேட்பாள். அவர் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், அறிவியல் அடிப்படையே இல்லாமல் எப்படியம்மா என்று கேட்டுவிட்டார். எனக்கு முகம் செத்துவிட்டது. அவள், "பத்தாவது வரைக்கும் இருக்குல்லா சார், அதுக்கு மேலதான கேக்கேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டு நாற்காலி போட்டார்.

எங்களுக்கு ஒரு திமிர் உண்டு. வருஷக்கணக்காகக் கேஸ் ஷீட் பார்க்கிறோம், பாதி பாடம் நமக்குத் தெரியும் என்று. ஒரு ஸ்டாஃப் நர்ஸிடம் பழைய கேள்வித்தாள் வாங்கி எழுதி, அவளிடமே திருத்தக் கொடுத்தோம். ஆரோக்கியமான பெண்ணுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதற்கு நான் ஏழரை என்று எழுதியிருந்தேன், ஜெபா எட்டு. நாடித்துடிப்புக்கு இரண்டு பேரும் நூற்றுப்பத்து. அந்த நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்படி ஒருத்தி நடந்துவந்தால் முதலில் அட்மிஷன் போடுவோம் என்றாள். நான் அவமானத்தில் புத்தகத்தைத் தூக்கி அலமாரி மேல் எறிந்தேன். ஜெபா ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்தாள்.

"நக்கோ லலிதா, கோவப்படாத. நாம சீக்காளியத்தான பாத்துருக்கோம்? நல்லா இருக்கவனுக்கு எவன் கேஸ் ஷீட் போட்டான்?" என்றாள். நாகர்கோவில் பேச்சுக்கு நடுவே, 'வேண்டாம்' என்பதற்கு மட்டும் ஹைதராபாத்தின் 'நக்கோ'.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுவை வெளியே விடாமல் பெஞ்சில் உட்கார வைத்தாள். பாடின களைப்பு தீரட்டும் என்று பத்து நிமிஷம். பிறகு ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடித்து, கடிகாரம் பார்த்து எண்ணினாள். நான் எழுதிக்கொண்டேன். எழுபத்திரண்டு, எழுபத்தெட்டு, அறுபத்தெட்டு. போதகரையும் விடவில்லை, அவரும் கையை நீட்டிக்கொண்டு பரீட்சைக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு மாதத்தில் தெருவில் யாரைப் பார்த்தாலும் இவள் மணிக்கட்டைத் தேடுவாள். நோயிலிருந்து தொடங்கிப் படிப்பதை விட்டுவிட்டு, நல்ல உடம்பு எப்படி நடக்கிறது என்பதிலிருந்து மறுபடி தொடங்கினோம். அதன் பிறகுதான் புத்தகம் எங்களோடு பேசியது.

எழுத்துத் தேர்வில் நான் தேறவில்லை. வேதியியல் என்னைக் கவிழ்த்தது. அவளை நேர்முகத்துக்கு அழைத்தார்கள். காய்ச்சல் வந்தால் நாடி ஏன் வேகமாகிறது என்று அங்கே ஒரு டாக்டர் கேட்டாராம். ஏறும் என்பது தெரியும், ஆயிரம் கேஸ் ஷீட்டில் பார்த்திருக்கிறாள். ஏன் என்பது தெரியாது. எதையாவது அடித்துவிட்டிருக்கலாம். கடைசி வாய்ப்பு என்றால் நான் அடித்துத்தான் விட்டிருப்பேன். அவள், தெரியாது சார், நாளைக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

என்னிடம் அதைச் சொன்னபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நாலு மாத உழைப்பை இப்படிக் கோட்டை விடுவார்களா என்று கத்தினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை. மாடி விஞ்ஞானி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அந்தப் பள்ளிக்குப் போய் நின்றாள். மற்றவர்களுக்கு இன்னும் நேர்முகம் நடந்துகொண்டிருந்தது. உங்கள் பெயர் இன்றைய பட்டியலில் இல்லை என்று வாட்ச்மேன் விடவில்லை. கேட் அருகிலேயே நின்று, அந்த டாக்டர் காரிலிருந்து இறங்கியதும் பின்னாலேயே நடந்து பதிலைச் சொன்னாள். உடம்பு சூடாகும்போது ஒவ்வொரு செல்லும் கூடுதலாக ஆக்சிஜன் கேட்கிறது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இதயம் வேகமாக ஓடுகிறது என்று. உங்களை யார் திரும்ப வரச் சொன்னது என்று அவர் கேட்டாராம். "நீங்க கேள்வி கேட்டீங்கள்லா சார்" என்றாளாம். பட்டியல் வந்தபோது அவள் பெயர் கடைசியில் இருந்தது. அந்தப் பதிலுக்குத்தான் இடம் கிடைத்ததா என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அடுத்த வருஷம் நான் தேறினேன். அதற்காக ஓய்வு நாட்களில் ஜெபா மெட்டுகுடாவிலிருந்து பஸ் ஏறி வந்து, வேதியியலை எனக்கு எதிரே உட்கார்ந்து தானும் புதிதாகப் படிக்கிறவள் போலப் படித்தாள். ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

போன ஞாயிறு சர்ச் ஹாலில் நினைவுக் கூட்டம். பேசிய பெரியவர் ஒருவர், ஜெபா பிறவியிலேயே நர்ஸ், அது தேவன் கொடுத்த வரம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. நல்ல மனசோடுதான் சொன்னார், தெரியும். ஆனால் அவள் பட்ட பாட்டை ஒரே வார்த்தையில் துடைத்துவிட்டாரே. என் முறை வந்தபோது எழுதிக்கொண்டு போன தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"பிறவியிலேயே வரலைங்க. முப்பத்து நாலு வயசுல, ஒண்ணுமே தெரியாம ஆரம்பிச்சு, கத்துக்கிட்டா. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்."

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதும் அதுதான். தெரியாததைத் தெரியாது என்று நிமிர்ந்து சொல்வது, மறுநாள் தெரிந்துகொண்டு, யாரும் கூப்பிடாமலே போய் நிற்பது. நேற்று ரவுண்ட்ஸில் ஒரு புது மருந்தைப் பற்றி டாக்டர் கேட்டார். சுற்றிலும் மாணவிகள், நான் வார்டு பொறுப்பில் இருப்பவள். தெரியாது, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்று காலை அவர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.