மொக்கையன் எறியாத கல்

சூரியநெல்லிக்கு மேலே இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் மொக்கையனோடு சண்டை போடாத வீடு கிடையாது. டீ பேக்டரியில் அவர் பயர்மேன். தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளுவது வேலை. வேலையில் குறை சொல்ல முடியாது, வாயில்தான் குறை. குழாயடி, கோழி, பக்கத்து வீட்டு டிவி, எதற்கும் கத்துவார். காய்ச்சல் வந்தால் எஸ்டேட் நர்ஸான என்னிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு, கசக்கிறது என்று என்னையும் திட்டுவார்.

அதனால் குருவம்மாள் வீட்டுக் கூரையை உடைத்துக்கொண்டு ஒரு கல் விழுந்தபோது யார் எறிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில், அவள் வீடு மொக்கையன் வீட்டுக்கு அடுத்தது.

அன்று மத்தியானம் பெரிய சத்தம் கேட்டது. யானை விரட்ட வெடி போடுகிறார்கள் என்று நினைத்தோம். உடனே குருவம்மாள் அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தால் சிமெண்ட் ஷீட்டில் ஓட்டை. உடைந்த துண்டு அவள் தோளைக் கிழித்திருந்தது. காயத்தைக் கழுவிக் கட்டினேன். கட்டிலருகே கைக்கு அடங்குகிற அளவில் கரிக்கறுப்பாக ஒரு கல் கிடந்தது.

“கிளிங்கர் கட்டிக்கா இது. அடுப்புல இருந்து எடுத்தாந்து எறிஞ்சிருக்கான், பாவி” என்றாள் குருவம்மாள்.

அடுப்புச் சாம்பல் உருகி இறுகினால் வரும் கட்டிதான் கிளிங்கர். பார்க்க அப்படித்தான் இருந்தது. மானேஜர் மொக்கையனை அடுப்பு வேலையிலிருந்து நிறுத்தி, சனிக்கிழமை விசாரணை என்றார். குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

“நான் எறியணும்னா அம்மிக்குழவிய எறிவேன். இத்துனூண்டு கல்லையா எறிவேன்?” என்று மொக்கையன் கேட்டார். அந்தப் பதில் அவருக்கு உதவவில்லை.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கிளிங்கரைத் தூக்கியிருக்கிறேன், அது லேசு. இந்தக் கல் கனத்தது. முன்பு பாலக்காட்டில் நான் கவனித்துக்கொண்ட நோயாளி துரைசுவாமியின் மகள் பவ்யா, கல்லூரியில் பாறைகளைப் பற்றிய புவியமைப்பியல் பாடம் எடுக்கிறவள். கல்லைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“தண்ணில அலம்பப்படாது. மஞ்சள் குங்குமம் ஒண்ணும் இடப்படாது. நான் வரேன்.”

சனிக்கிழமை பேக்டரி வாசலில் லயமே கூடியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிளிங்கர் வேண்டும் என்றாள் பவ்யா. யாரும் அசையவில்லை. மொக்கையனே போய் எடுத்து வந்தார்.

“சாட்சிய நீயே கொண்டாறியா மாமா?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

பவ்யா கிளிங்கரை உடைத்தாள். உள்ளே ஆப்பம் போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. கூரையில் விழுந்த கல்லின் உடைந்த மூலையில் ஓர் ஓட்டைகூட இல்லை. நகத்தை விட மெல்லிய கறுப்புத் தோல், உள்ளே சாம்பல் நிறம். அடுத்து, குழந்தைகளை நிறுக்கும் என் தராசில் அதை எடை போட்டோம். பருமனைத் தண்ணீரில் அளந்தால் துருப்பிடிக்கும் என்றாள். நோயாளியின் சிறுநீர் அளக்கும் என் ஜாடியைத் துடைத்துக் கொடுத்தேன். கல்லைப் போட்டு மேலே கடுகு கொட்டி அளந்தோம். தண்ணீரைப் போல மூன்றரை மடங்குக்குச் சற்றே குறைவான கனம். இந்த மலைப் பாறை மூன்று மடங்கைத் தொடாதாம்.

பிறகு தேயிலையில் கலந்த இரும்புத் துணுக்கை எடுக்கும் காந்தத்தைக் கொண்டு வந்து நூலில் கட்டித் தொங்கவிட்டாள். அது ஆடிப் போய்க் கல்லில் ஒட்டியது.

“பாத்தீகளா, பேக்டரி இரும்பு!” என்றாள் குருவம்மாள். மானேஜர் மொக்கையனைத் திரும்பிப் பார்த்தார். மொக்கையன் முகம் வெளுத்துவிட்டது. நான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பவ்யா பதறவில்லை. உடைந்த மூலையை உப்புத்தாளில் தேய்த்து, பூதக்கண்ணாடியைக் குருவம்மாளிடமே கொடுத்தாள்.

“என்ன தெரியறது, சொல்லுங்கோ.”

“ஜவ்வரிசி கணக்கா உருண்டை உருண்டையா இருக்கு. நடுவுல வெள்ளியா மின்னுது.”

“மின்னறது இரும்பும் நிக்கலும். அந்த உருண்டை பூமி உண்டாறதுக்கு முந்தியே உருகி ஆறின துளி. பூமிப் பாறை எதுலயும் அது கிடையாது. கல்லு ஆகாசத்துலேர்ந்து விழுந்ததாக்கும்.”

ஒரு நொடி எல்லோரும் ஓட்டைக் கூரையின் பக்கம் பார்த்தார்கள். அப்புறம் கண்ணாடிக்குத் தள்ளுமுள்ளு. வரிசையில் மானேஜரும் நின்றார். நான் இரண்டு முறை பார்த்தேன்.

ஆனாலும் மானேஜர் எழுத்தில் அறிக்கை கேட்டார். கல் அரசு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. முடியை விட மெல்லிய சீவலாக அறுத்து, ஒலிவின், பைராக்சீன் என்ற கனிமங்களை அளந்தார்கள். ஆகாசக் கற்களில் இரும்பு குறைந்த வகை என்பதால் எல் என்று பெயர். சூட்டில் உருண்டைகளின் விளிம்பு மங்கியதால் கூடவே ஐந்து என்ற எண். ‘எல் அஞ்சு’ என்று லயத்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அறிக்கை வந்த அன்றே மொக்கையன் அடுப்புக்குத் திரும்பினார்.

குருவம்மாள் அங்கேயே போனாள். நானும் உடன் போனேன்.

“தப்பாச் சொல்லிப்புட்டேண்ணே, மனசுல வச்சுக்கிடாத.”

அவர் விறகைத் தள்ளினார். அவள் கேட்டாள்: “அப்ப போன மழைக்கு நம்ம கூரையில ஒண்ணு விழுந்துச்சே, அதுவும் வானத்துல இருந்துதானாண்ணே?”

“அது நான் எறிஞ்சது” என்றார் மொக்கையன்.