செவ்வாய் பாஷை

அந்தப் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது உடனே தேடிப் பார்த்துச் சிரிப்பார்கள். இதுவரை சிரித்தது போதும். செவ்வாய்க் கிரகத்து ராஜா பூமிக்கு வந்து, கிணற்றடியில் நிற்கிற கதாநாயகியிடம் மயங்கிப் பெண் கேட்கிற கதை அது. பறக்கும் தட்டு என்று அவர்கள் காட்டியது இரண்டு தாம்பாளங்களைக் கவிழ்த்து ஒட்டியது. அதைத் தூக்கிய நூல்கூடத் திரையில் தெரியும். மட்டமான படம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வாரம்கூட ஓடாமல் பெட்டிக்குள் போய் நாற்பது வருஷம் யாருக்கும் தொந்தரவு தராமல் கிடந்ததை இழுத்து வந்து, ஊரே சிரிக்கும்படி செய்தார்களே, அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு டிவியில் அந்த நிகழ்ச்சி வரும். கட்டம்போட்ட கோட்டு மாட்டிய இரண்டு பேர் சோபாவில் சாய்ந்துகொண்டு, பழைய விஞ்ஞானப் படங்களை ஓட்டி ஓட்டி நிறுத்துவார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் நக்கலாகப் பதில் சொல்வார், பின்னால் டப்பாவில் அடைத்த சிரிப்பு கேட்கும். எங்கள் வீட்டில் அதற்கு முதல் ரசிகை நான்தான். தகர டப்பாவுக்குள் ரோபோவாக நின்ற யாரோ ஒரு மனிதரைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அந்த டப்பாவுக்குள் இருந்தவருக்கும் வீட்டில் ஒரு தம்பி மகள் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செவ்வாய் ராஜாவின் சபை வந்தது. நெடுநெடுவென்று ஒரு மந்திரி எழுந்து நின்றார். உடம்பெல்லாம் வெள்ளித்தாள். தலையில் கவிழ்த்த, சோறு வடிக்கிற அன்னக்கூடை, அதன் ஓட்டைகளில் செருகிய இரண்டு குடைக்கம்பிகள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க, இது உங்க அண்ணன் மாரி இல்ல?"

அப்பா எட்டிப் பார்த்து, அண்ணனேதான் என்றார். சின்ன வயதில் மெட்ராசுக்கு ஏதோ வேலைக்குப் போன இடத்தில், உயரத்தைப் பார்த்து அவரை சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டார்களாம். யாருக்கும் புரியாத மாதிரி ஏதாவது பேசுய்யா, அதுதான் செவ்வாய் பாஷை என்று டைரக்டர் சொன்னாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டு அப்பாவும் சிரித்தார்.

பெரியப்பா அப்பாவைவிடப் பதினைந்து வயது மூத்தவர், மனைவியை இழந்தவர், எங்கள் முதலியார்பேட்டை வீட்டில் மாடி அறையில் இருந்தார். எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பிரெஞ்சு நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போடுகிறவர்கள் பிறப்புப் பத்திரத்தையும் கல்யாணப் பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். தெருவில் அவரை எல்லாரும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நடந்து வந்தால் சைக்கிளில் போகிற பையன்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த முசேதான் அன்னக்கூடையோடு நின்றார்.

மந்திரி ஒரு நிமிஷத்துக்கு மேல் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். செவ்வாய் பாஷை என்பதற்காகக் குரலுக்கு எதிரொலி வேறு சேர்த்திருந்தார்கள்; அதன் மேல் டப்பாச் சிரிப்பு. பேசி முடித்ததும் பக்கத்தில் நின்ற ஆள் கதாநாயகியிடம், "சுகமா என்று கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தான். சோபாக்காரர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. சுகமா என்று கேட்கவா இந்தப் பாடு என்றார் ஒருவர். மற்றவர் பேச்சின் தொடக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, "நூய்... ரூய்... நூய்... ரூய்..." என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டி, செவ்வாயில் பல் டாக்டர் இல்லை போலிருக்கிறது என்றார். நான் எழுந்து டிவியை அணைத்தேன். அப்பா திட்டினார். நான் அழுதேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரியப்பா பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன் பையோடு வந்தார். அப்பா வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டார். அன்னக்கூடையைப் பற்றியும் பல் டாக்டரைப் பற்றியும் பெரியப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன் பையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

"கொரல் இருந்துச்சா? நான் பேசுனது கேட்டுச்சா?" என்றார்.

கேட்டது என்றார் அப்பா. புதன்கிழமை நாலு மணிக்கு இதையே மறுபடி போடுவார்கள் என்றும் சொன்னார். பெரியப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடந்தது அவமானம் என்றுகூடவா இவருக்குத் தெரியவில்லை?

திங்கட்கிழமை பள்ளிக்கூட வேனில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து "நூய் நூய்" என்று ஒரு குரல் வந்தது. மாலைக்குள் அது எங்கள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பெரியப்பா பால் வாங்கப் போனால் பின்னாலேயே நாலு பிள்ளைகள் "நூய் ரூய்" என்று ஓடினார்கள். ஒருத்தன் தலையில் அன்னக்கூடையே வைத்திருந்தான். அவர் திரும்பிப் பார்த்து, கையை நெஞ்சில் வைத்து, மந்திரி மாதிரியே குனிந்து வணக்கம் வைத்தார். மானம் ரோஷம் இல்லாத மனிதர் என்று அன்று என் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பிறகு பாவம் என்று அடித்துவிட்டேன்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை அவர் தன் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் இரண்டு பேரையும் புதன்கிழமை டிவி பார்க்கக் கூப்பிட்டுவிட்டார். ஒருவர் லாஸ்பேட்டையில் இருந்தார், இன்னொருவர் கடற்கரைப் பக்கம். இருவரும் இருபது வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குக் கப்பல் ஏறி, பல வருஷம் கழித்து சொல்தா, அதாவது சிப்பாய், என்ற பேரோடு ஊர் திரும்பியவர்கள். படம் வந்தபோது ஊரில் இல்லாதவர்கள். பெரியப்பா வாசலில் நின்று ஒருவரை கிரெனூய் என்றும், மற்றவரை சித்ரூய் என்றும் கூப்பிடுவார். சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்பதால் அவை ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்கள் என்று நான் நினைத்திருந்தேன். கிரெனூய் தாத்தா, சித்ரூய் தாத்தா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று கேட்டதில்லை.

பட்டாளத்தில் இருந்த அந்தப் பெரிய மனிதர்கள் முன்னால் இவர் வெள்ளித்தாளோடு நிற்கப் போகிறார். பல் டாக்டர் பேச்சை அவர்களும் கேட்கப் போகிறார்கள். இவருக்குப் புரியவில்லை, எனக்குப் புரிகிறது. ஆகவே நான்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை வயிற்று வலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டேன். எங்கள் தெருவுக்கே கேபிள் பிரிந்து போகிற பெட்டி எங்கள் மொட்டை மாடிச் சுவரில்தான் இருந்தது. மூன்றரை மணிக்குப் பெரியப்பா சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பேக்கரியிலிருந்து பஃப்ஸ் வாங்கி வந்து தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கைவேலை வகுப்புக் கத்தரிக்கோலோடு மாடிக்கு ஏறி, பெட்டிக்கு வருகிற கறுப்பு வயரை இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினேன். நாலைந்து தடவை அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்தச் சோபாக்காரர்களை ஒரு வசவு திட்டினேன்.

நாலு மணிக்கு டிவியில் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வந்தது. பெரியப்பா டிவியைத் தட்டினார். பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தார், அங்கும் இல்லை. தெருமுனை டீக்கடைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். இஸ்திரிச் சட்டை முதுகில் நனைந்து ஒட்ட, டீக்கடையிலும் இதே கேபிள்தான் என்று மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். கேபிள்காரர் போனில் ஆறு மணிக்கு வருகிறேன் என்றாராம். பதிவு செய்து வைக்கிற வசதியெல்லாம் எங்களிடம் இல்லை. நாலரைக்கு நிகழ்ச்சி முடிந்திருக்கும்.

சிநேகிதர்கள் இருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பெரியப்பா இரைச்சல் போடுகிற டிவிக்கு முன்னால் எழுந்து நின்று, கையை ஆட்டி, பிரெஞ்சில் நீளமாக ஏதோ பேசிக் காட்டினார். அவர்கள் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். கிளம்பும்போது லாஸ்பேட்டைத் தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டே தமிழில் சொன்னார்.

"நல்லா கத வுடறடா நீயி. நாப்பது வருசமா இதே கத."

"சொன்னேன்டா," என்றார் பெரியப்பா. "நெசமாலுமே சொன்னேன்."

எதைச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. சினிமாவில் நடித்ததைத்தான் சொல்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன்.

கேபிள்காரர் வருவதற்கு முன்பே பெரியப்பா மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எலி கடித்திருக்கிறது என்றார். எலி அவ்வளவு நேராகக் கடிக்குமா என்று அப்பா கேட்டதற்கு, சில எலிகள் கடிக்கும் என்றார். ஏமாந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். மாடியிலேயே மறந்துவிட்டு வந்த கத்தரிக்கோல் மறுநாள் காலை என் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. நானே எடுத்து வைத்திருப்பேன் என்று அதையும் நினைத்துக்கொண்டேன்.

சித்ரூய் தாத்தா அடுத்த மழைக்காலத்தில் இறந்தார். கிரெனூய் தாத்தா அதற்கு அடுத்த வருஷம். பெரியப்பா நான் பிளஸ் டூ படிக்கும்போது போனார். மார்க் அதிகம் வரும் என்பதற்காக லாஸ்பேட்டைக் கல்லூரியில் நான் பிரெஞ்சு எடுத்தேன். கிரெனூய் என்றால் தவளை, சித்ரூய் என்றால் பூசணிக்காய் என்று அங்கேதான் தெரிந்தது. பெஞ்சே அதிரச் சிரித்தேன். அப்போதும் மூளை ஓடவில்லை.

போன மாதம் யாரோ புண்ணியவான் அந்தப் பழைய நிகழ்ச்சியை இணையத்தில் ஏற்றியிருந்தார். ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். எதிரொலிக்கும் சிரிப்புக்கும் அடியில் பெரியப்பாவின் குரல், கணீரென்று, சுத்தமான பிரெஞ்சில்:

"தவளையே, பூசணியே, கேளுங்கள். என் தலையில் இருப்பது அன்னக்கூடை. எதிரில் இருக்கிற ராஜா காலையிலிருந்து மூன்று தடவை தூங்கிவிட்டார். பறக்கும் தட்டுக்குப் பின்னால் ஒரு கன்றுக்குட்டி நின்று என் வெள்ளித்தாளைத் தின்றுகொண்டிருக்கிறது. இதைவிட மட்டமான படம் பூமியில் மட்டுமல்ல, செவ்வாயிலும் கிடையாது. எந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தாலும் சிரியுங்கள். சினிமாவில் நின்று உங்கள் பெயரைச் சொல்கிறேன் என்றேன், சொல்லிவிட்டேன். ராஜா விழித்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன்."

அந்தச் சோபாக்காரர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு செய்த வேலையை, அவர்களுக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே, அந்தப் படத்துக்குள்ளேயே நின்று, அவர்களைவிட நன்றாக ஒருவர் செய்து முடித்திருக்கிறார். அவர்களுக்குக் கேட்டது நூய், ரூய் மட்டும்தான். அவர்களையாவது மன்னிக்கலாம், அவர்களுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. எனக்குத் தெரியும். வாரம் தவறாமல் வாயார அந்தப் பெயர்களைக் கூப்பிட்டவள் நான். தெருப் பிள்ளைகள் கத்தியபோதுகூட என் காதில் விழுந்தது அவமானம் மட்டும்தான்.

அன்று அந்த இரைச்சல் டிவிக்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது, நானும் போய் உட்கார்ந்து ஒரு பஃப்ஸ் தின்றேன். இன்னொன்று வேண்டும் என்று கேட்டேன். பெரியப்பா தன் பங்கை எடுத்துக் கொடுத்தார். அவருடைய மானத்தைக் காப்பாற்றியதற்கு இது நியாயமான கூலிதான் என்று நினைத்துக்கொண்டு, அதையும் வாங்கித் தின்றேன்.